சுதந்தரம் பெற்றவர்களின் கடன்



எண்ணாகமம் 32-ஆம் அதிகாரத்தில் ரூபன், காத் கோத்திரத்தார் மோசேயினிடத்தில் வருகிறார்கள். அவர்களுக்கு ஆடுமாடுகள் திரள். யாசேரும் கீலேயாத்தும் நல்ல மேய்ச்சல் நிலம். யோர்தானைக் கடக்குமுன்னே அங்கேயே காணி கேட்டார்கள். மற்றவர்களைப் போர்முனைக்கு அனுப்பிவிட்டு நீங்கள் அமர்ந்திருக்கலாமா என்று மோசே கடிந்துகொண்டார். அப்போது, சகோதரர் யாவரும் சுதந்தரம் பெறும்வரை வீடு திரும்புவதில்லை என்று வாக்களித்தார்கள்.

பின்பு மோசே மரித்தார். வாக்கைப் பெற்றவர் இல்லை. கேட்ட நிலமோ கையில் இருந்தது. ஆயினும் யோசுவா நினைப்பூட்டியபோது அவர்கள் சாக்குச் சொல்லவில்லை. மனைவி மக்களை விட்டு, மனாசேயின் பாதிக் கோத்திரத்தாரோடு ஏறக்குறைய 40,000 பேர் ஆயுதம் தரித்து யோர்தானைக் கடந்தார்கள். பிறருடைய சுதந்தரத்திற்காக நெடுநாள் போரிட்டு, யோசுவா ஆசீர்வதித்து அனுப்பிய பின்னரே திரும்பினார்கள்.

நம் தேவை நிறைவேறியபின் சபையின் பாரத்திலிருந்து ஒதுங்குவதை நாம் ஓய்வு என்கிறோம். வாக்கு மீறி ஒதுங்குவதை மோசே கர்த்தருக்கு விரோதமான பாவம் என்றே எச்சரித்தார். உங்கள் பிள்ளைகள் படித்து உயர்ந்துவிட்டார்கள். ஆனால் ஞாயிறு பள்ளியில் கற்பிக்க ஆளில்லை. கல்வி நிதிக்குப் பொருத்தனை செய்த நாளில் இருந்த போதகர் மாறிப்போயிருக்கலாம். பொருத்தனையைக் கேட்ட தேவன் மாறவில்லை.

இந்த வாரம் ஒரு பழைய வாக்கை நினைவுகூருங்கள். உங்கள் யோர்தானைக் கடக்கக் கர்த்தர் பெலன் தருவாராக. ஆமென்.