சர்வேயருக்கும் ஒரு சாயங்காலக் காலேஜ் வேண்டும்

உங்கள் வீட்டு மனை எங்கே முடிகிறது என்று கடைசியாகச் சொல்பவர் யார்? வக்கீலும் இல்லை, பத்திரம் எழுதுபவரும் இல்லை. ஒரு சர்வேயர் வருவார், புலப்படத்தை விரிப்பார், அளப்பார், "இங்க வரைக்கும்தான் உங்களுது"ன்னு ஒரு கல்லைக் காட்டுவார். அந்தக் கல் ஒரு முழம் தள்ளி இருந்ததால் அண்ணன் தம்பி பேச்சு நின்ற குடும்பங்கள் எல்லா ஊரிலும் உண்டு.

இவ்வளவு பொறுப்பான வேலையைச் செய்பவர் அந்த வேலையிலேயே மேலே படிக்க நாம் என்ன வழி வைத்திருக்கிறோம்? என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வேலை பார்த்துக்கொண்டே படிக்கும் பகுதி நேரப் பட்டத்துக்கு இன்ஜினியரிங்கில் ரொம்பப் பொருத்தமான துறை நில அளவை. அதைத்தான் நாம் கவனிக்காமல் விட்டிருக்கிறோம்.

இப்போதைய நிலைமையைப் பாருங்கள். சர்வேயராக வருபவர்களில் பெரும்பாலோர் ஐடிஐயில் சர்வேயர் டிரேடு படித்திருப்பார்கள், இல்லையென்றால் பாலிடெக்னிக்கில் சிவில் டிப்ளமோ. வேலையில் சேர அது போதும். ரோடு, மெட்ரோ, லேஅவுட் என்று எங்கே போனாலும் இவர்களைத்தான் பார்ப்பீர்கள். மேலே படிக்கணும்னு ஆசைப்பட்டால், டிப்ளமோ முடித்தவர்களுக்குத் தமிழ்நாட்டில் சில கல்லூரிகளில் பகுதி நேர பி.இ. இருக்கிறது. சாயங்கால வகுப்பு, மொத்தம் 7 செமஸ்டர். ஆனால் அங்கே சிவில், மெக்கானிக்கல், எலெக்ட்ரிக்கல் மாதிரியான பிரிவுகள்தான். அதனால் சர்வேயர் சிவிலில் போய்ச் சேருகிறார்.

நான் சிவில் படிக்கிறவன், அதனால் சொல்கிறேன். எங்கள் நான்கு வருஷத்தில் சர்வேயிங் என்பது ஒரு பேப்பர், ஒரு லேப், ஒரு சர்வே கேம்ப். மீதியெல்லாம் கான்கிரீட், ஸ்டீல், மண், தண்ணீர். பத்து வருஷம் களத்தில் அளந்தவர், தனக்கு ஏற்கெனவே தெரிந்த அந்த ஒரு பேப்பரை மறுபடி எழுதிவிட்டு, பாக்கி மூன்று வருஷமும் வேறு விஷயம் படிக்கிறார். இன்னொரு பக்கம் கிண்டியில் ஜியோஇன்ஃபர்மேட்டிக்ஸ் பி.இ. இருக்கிறது. நல்ல படிப்பு. ஆனால் அது நான்கு வருஷ முழு நேரப் படிப்பு. வீட்டுக்கு மாசாமாசம் பணம் அனுப்புகிற ஒருவர் நான்கு வருஷம் சம்பளத்தை விட்டுவிட்டு வர முடியுமா?

இதில் ஒரு வேடிக்கை வேறு இருக்கிறது. கிண்டி காலேஜே 1794இல் ஜார்ஜ் கோட்டைக்குப் பக்கத்தில் 8 மாணவர்களோடு ஆரம்பித்த சர்வே பள்ளிதான். 1802இல் லாம்டன் பரங்கிமலைப் பக்கம் சுமார் 12 கிலோமீட்டர் அடிக்கோடு அளந்துதான் இந்தியாவின் பெரிய முக்கோண அளவையைத் தொடங்கினார். நம்ம ஊர் இன்ஜினியரிங் படிப்புக்கே வேர் சர்வேயிங். அப்படிப்பட்ட ஊரில், இன்றைய சர்வேயருக்குச் சாயங்காலம் உட்கார ஒரு வகுப்பு இல்லை.

"அதான் வேலை தெரியுமே, பட்டம் எதுக்கு?" என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி.

இன்டர்ன்ஷிப்பில் ஒரு ரோடு சைட்டில் ஒரு சர்வேயர் அண்ணனோடு மூன்று வாரம் சுற்றினேன். டோட்டல் ஸ்டேஷனை ட்ரைபாடில் ஏற்றி, சென்டர் பண்ணி, லெவல் பண்ண எங்கள் பேட்ச் பசங்க பத்து நிமிஷம் எடுப்போம். அவர் பேசிக்கொண்டே ஒரு நிமிஷத்தில் முடிப்பார். கை வேலையில் அவருக்கு நாங்கள் சொல்லித்தர ஒன்றுமில்லை. ஆனால் ஜிஎன்எஸ்எஸ் ரிசீவரில் உயரம் மைனஸில் வந்தபோது ஏன் என்று கேட்டேன். "அது அப்படித்தான் தம்பி வரும். ஆபீஸ்ல சரி பண்ணிக்குவாங்க" என்றார்.

அந்த மைனஸுக்குக் காரணம் உண்டு. சாட்டிலைட் சொல்லும் உயரம், பூமியைக் கணக்குக்காக வழவழப்பான ஒரு நீள்கோளமாக நினைத்துக்கொண்டு, அதிலிருந்து எடுக்கும் உயரம். நமக்கு வேண்டியது கடல் மட்டத்திலிருந்து உயரம். கடல் மட்டம் புவியீர்ப்புக்குக் கட்டுப்பட்டது. உலகிலேயே அந்த மட்டம் மிகவும் தாழ்ந்திருக்கும் இடம் இலங்கைக்குத் தெற்கே இந்தியப் பெருங்கடலில் இருக்கிறது. அங்கே 100 மீட்டருக்கும் மேல் பள்ளம். தமிழ்நாடு அதற்குப் பக்கத்தில் இருப்பதால், மெரினா மணலில் ரிசீவரை வைத்தாலே திருத்தாத உயரம் மைனஸ் 80 மீட்டருக்கும் கீழே காட்டும். இந்தப் பள்ளம் எல்லா ஊரிலும் ஒரே ஆழமும் இல்லை. சென்னைக்கு எடுத்த எண்ணையே கன்னியாகுமரிக்கும் கழித்தால் மீட்டர் கணக்கில் தப்பு வரும். ஒரு நீளமான வாய்க்காலுக்கு அப்படிச் செய்தால் சரிவுக் கணக்கு என்ன ஆகும்னு யோசித்துப் பாருங்கள்.

பழைய வரைபடமும் இதே மாதிரிதான். அது 1830இன் எவரெஸ்ட் நீள்கோளத்தில் போட்டது. இன்றைய ரிசீவர் பேசுவது வேறு நீள்கோளம். ஒரே அட்சரேகை, தீர்க்கரேகையை இரண்டிலும் குறித்தால் 100 மீட்டருக்கு மேல் தள்ளிப் போகும். கருவி புதுசாக ஆக ஆக, பட்டனை அழுத்துவது சுலபமாகிறது, பிழையைக் கண்டுபிடிப்பது கஷ்டமாகிறது. ஸ்கிரீனில் மூன்று தசம இடத்துக்கு எண் வந்தால் நம்பத்தான் தோன்றும். அதை எப்போது நம்பக்கூடாது என்று சொல்லித்தருவது மீச்சிறு வர்க்க முறை, வரைபட வீழல், பிழைக் கோட்பாடு மாதிரியான பாடங்கள். அவை பட்டப்படிப்பில்தான் முழுசாக வரும்.

சரி, ஏன் பகுதி நேரம்? இந்தத் துறையில் வேலையே லேப் என்பதால். காலேஜில் பத்துப் பேருக்கு ஒரு டோட்டல் ஸ்டேஷன் கிடைத்தால் அதிர்ஷ்டம். அவர் கையில் அது தினமும் இருக்கிறது. காலையில் சைட்டில் எடுத்த ட்ராவர்ஸ் எவ்வளவு தள்ளி மூடியது என்பதையே சாயங்காலம் வகுப்பில் கணக்காகப் போடலாம். அடுத்த நாள் காலையில் அந்தப் பாடத்தோடு சைட்டுக்குப் போகலாம். எங்களுக்குப் புத்தகத்தில் வரும் கற்பனை எண்கள் அவருக்கு உண்மையான எண்கள்.

"பகுதி நேரம்னா தரம் கம்மி" என்று நம்மில் பலர் சாதாரணமாகச் சொல்வதைக் கேட்டிருக்கிறேன். அதே யூனிவர்சிட்டி, அதே மாதிரிப் பரீட்சை. எட்டு மணி நேரம் வெயிலில் நின்றுவிட்டு ராத்திரி ஒன்பது வரை மேட்ரிக்ஸ் போடுபவருக்குத் தரம் கம்மி என்று சொல்ல, கடைசி பெஞ்சில் தூங்கி அட்டெண்டன்ஸ் வாங்கும் நமக்கு என்ன தகுதி?

ஆனால் ஒரு சிக்கல் உண்மையானது. சர்வேயர் ஒரே ஊரில் இருப்பதில்லை. மூன்று மாசம் ஓசூர், அப்புறம் தூத்துக்குடி. தினமும் சாயங்காலம் ஆறு மணிக்கு ஒரே காலேஜில் ஆஜராகச் சொன்னால் இரண்டாவது செமஸ்டரிலேயே நின்றுவிடுவார். அதனால் இருக்கிற பகுதி நேரத் திட்டத்தை அப்படியே நகலெடுத்தால் போதாது.

எனக்குத் தோன்றுவது இது. தியரி வகுப்புகளைப் பதிவு செய்து கொடுங்கள். லேபும் தேர்வும் மாசத்துக்கு ஒரு சனி, ஞாயிறு என்று சேர்த்து வையுங்கள். சைட்டில் செய்யும் வேலைக்குப் புலக்குறிப்பேட்டைப் பார்த்து, வைவா வைத்து, கிரெடிட் கொடுங்கள். ஐடிஐ முடித்தவர்களும் வர ஒரு கணக்கு பிரிட்ஜ் கோர்ஸ் வையுங்கள். ஏஐசிடிஇ 2023 முதல் வேலை பார்ப்பவர்களுக்கு வசதியான நேரத்தில் வகுப்பு நடத்த அனுமதிக்கிறது. எனவே யோசனை ஒன்றும் புதுசில்லை, அதில் நில அளவையைச் சேர்ப்பதுதான் பாக்கி.

பாடத்தில் தமிழும் இருக்கட்டும். இங்கிலீஷ் மீடியத்தில் வந்த எனக்கு 'தியோடலைட்' முதலில் வந்தது, 'புலப்படம்' அப்புறம்தான் வந்தது. களத்தில் நேர் எதிர். சென்ட் என்றால் ஊரில் எல்லோருக்கும் தெரியும். 66 அடி சங்கிலியால் ஒரு சதுரம் போட்டால் அது சரியாக 10 சென்ட் என்பதில் தொடங்கினால், பரப்பளவுப் பாடம் யாருக்கும் பயமாக இருக்காது.

இதெல்லாம் நமக்கு எதுக்குன்னு கேட்காதீர்கள். இன்னும் சில மாசத்தில் நம்மில் பாதிப்பேர் சைட் இன்ஜினியர் ஆவோம். அவர் குறித்துக் கொடுத்த புள்ளியில்தான் நம் தூண் நிற்கும், அதில் நாம் கையெழுத்துப் போடுவோம். அந்தப் புள்ளி எப்படி வந்தது என்று நம்மோடு சமமாக உட்கார்ந்து விவாதிக்கக்கூடிய சர்வேயர் இருப்பது நமக்கும் பாதுகாப்பு.

உங்கள் வீட்டிலோ தெருவிலோ ஒரு சர்வேயர் இருந்தால் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: இப்படி ஒரு படிப்பு வந்தால் சேருவீர்களா, எந்த நாளில் வகுப்பு வைத்தால் வர முடியும்? பதிலை எங்களுக்கு எழுதி அனுப்புங்கள். சேர்ந்த பதில்களோடு நம் துறைத் தலைவரிடமே போய் நிற்கலாம்.