பார்ட்ஸ் கிடைக்காது சார்

இந்த வாக்கியத்தைக் கேட்காமல் தமிழ்நாட்டில் யாரும் முப்பது வயதைத் தாண்டியிருக்க முடியாது. மிக்ஸியோ, வாஷிங் மெஷினோ, நாலு வருஷத்துப் பழைய ஃபோனோ, எதைக் கொண்டுபோனாலும் கவுன்ட்டருக்கு அந்தப் பக்கம் இருப்பவர் வானிலை அறிக்கை மாதிரி இதைச் சொல்வார். யாரும் செய்ததில்லை, தானாக நடந்தது என்கிற தொனி. மென்பொருள் எழுதிப் பிழைக்கும் எங்களிடமும் இதே வாக்கியம் உண்டு: "இந்த வெர்ஷனுக்கு இனி சப்போர்ட் இல்லை." அது எப்படி நடக்கும் என்று எனக்குத் தெரியும். ஒரு மீட்டிங் நடக்கும், ஒரு தேதி குறிப்பார்கள், ஒருவர் மெயில் அனுப்புவார்.

உதிரிபாகங்களும் தானாகத் தீர்ந்துபோவதில்லை. யாரோ நிறுத்துகிறார்கள். சந்தேகம் இருந்தால் பழைய தெருவிளக்குகளைப் பாருங்கள்.

லண்டனில் இன்றும் ஆயிரத்துக்கு மேற்பட்ட தெருவிளக்குகள் எரிவாயுவில் எரிகின்றன. வெஸ்ட்மின்ஸ்டர் மாநகராட்சி 2021-ல் தன் பொறுப்பிலிருந்த 299 விளக்குகளை எல்.இ.டி.க்கு மாற்றப்போவதாகச் சொன்னது. சொன்ன காரணங்களில் ஒன்று நமக்குப் பழக்கமானது: பராமரிப்பது கஷ்டம், பாகங்கள் கிடைப்பது கஷ்டம். எதிர்ப்பு கிளம்பியது. அடுத்த ஆண்டு திட்டத்தைச் சுருக்கி, ஒரு பகுதியை எரிவாயுவிலேயே விட்டுவைக்க ஒப்புக்கொண்டார்கள்.

எதிர்த்தவர்களில் பலர் அந்த மஞ்சள் ஒளியின் அழகைப் பேசினார்கள். எனக்கு அந்த ஏக்கத்தில் பங்கில்லை. எரிவாயுவை எரித்துத் தெருவுக்கு வெளிச்சம் போடுவது வீண்செலவு, கார்பனும் சேர்கிறது என்று சொன்னால் தலையாட்டுவேன். ஆனால் "பார்ட்ஸ் இல்லை" என்பதை மட்டும் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

அப்படி என்னதான் இருக்கிறது அந்த விளக்கில்? வார்ப்பிரும்புக் கம்பம். உலோகத் தகடும் கண்ணாடியும் சேர்ந்த கூண்டு. ஒரு பர்னர். பலவற்றில், நேரம் பார்த்து எரிவாயுவைத் திறந்து மூட, இரண்டு வாரத்துக்கு ஒருமுறை சாவி கொடுக்கவேண்டிய கடிகாரம். அப்புறம் ஒரு மேண்டில். இதில் எது ராணுவ ரகசியம்? கம்பத்தின் அலங்கார வளையம் உடைந்தால் கோயம்புத்தூரில் எந்த ஃபவுண்டரியிலும் வார்க்கலாம். ஒன்று மட்டும் தெரிந்திருக்க வேண்டும்: வார்ப்பிரும்பு ஆறும்போது சுமார் 1% சுருங்கும். உடைந்த துண்டையே அச்சாக வைத்தால் புதியது சின்னதாக வந்து பொருந்தாமல் போகும். அதனால் பேட்டர்னைக் கொஞ்சம் பெரிதாகச் செய்வார்கள். இந்த அறிவும் ஒரு வரைபடமும் இருக்கும்வரை அந்தப் பாகம் உலகத்தில் இருக்கிறது என்றுதான் அர்த்தம்.

மேண்டிலுக்கு வருவோம். 'வைதேகி காத்திருந்தாள்' படத்தில் செந்தில் பெட்ரோமாக்ஸ் லைட்டில் தொட்டு உடைப்பாரே, அதே சாமான்தான். ஆஸ்திரிய வேதியியலாளர் கார்ல் ஆவர் ஃபான் வெல்ஸ்பாக் 1885-ல் இதற்குக் காப்புரிமை வாங்கினார். 1891-ல் சரியான கலவை அமைந்தது: 99% தோரியம் ஆக்சைடு, 1% சீரியம் ஆக்சைடு. துணி வலையை உப்புக் கரைசலில் நனைத்து எரித்தால் துணி போய்விடும், ஆக்சைடு எலும்புக்கூடு மட்டும் நின்று ஒளிரும். தோரியத்துக்கு மோனசைட் மணல் வேண்டும். 1909-ல் ஷோம்பெர்க் என்ற ஜெர்மானியர், திருவிதாங்கூரிலிருந்து போன தேங்காய் நார்ச் சரக்கில் ஒட்டியிருந்த மணலில் அதைக் கண்டுபிடித்தார். மணவாளக்குறிச்சியில் ஆலை வந்தது. ஐரோப்பியத் தெருவிளக்கின் உதிரிபாகச் சங்கிலி இன்றைய கன்னியாகுமரி மாவட்டக் கடற்கரை வரை நீண்டது இப்படித்தான்.

தோரியம் கதிரியக்கம் உள்ளது என்று கவலை வந்தபோது, முகாம் விளக்குகளுக்கு மேண்டில் செய்த பலர் யட்ரியத்துக்கு மாறினார்கள். விளக்கைத் தூக்கிப்போட வேண்டியிருக்கவில்லை. எங்கள் பாஷையில் சொன்னால், இன்டர்ஃபேஸ் அப்படியே இருந்தது, உள்ளே இருந்தது மட்டும் மாறியது.

இதற்கு நேர் எதிர், பிரிட்டன் சாலைகளைப் பல பத்தாண்டுகள் ஆரஞ்சு நிறத்தில் குளிப்பாட்டிய குறைந்த அழுத்த சோடியம் விளக்கு. மேண்டிலைவிட ரொம்ப இளையது, மின்சாரத்தை வெளிச்சமாக்குவதில் கெட்டிக்காரத்தனமானது. ஆனால் சூடான சோடியம் சாதாரணக் கண்ணாடியை அரித்துவிடும். உட்பூச்சுள்ள தனிக் கண்ணாடிக் குழாய் வேண்டும், சின்னப் பட்டறையில் ஆகாது. கடைசியாகச் செய்துகொண்டிருந்த பிலிப்ஸ் 2020-ஐ ஒட்டி நிறுத்தியதும் கதை முடிந்தது. அந்த விளக்குக் கூண்டுகளை மீட்டெடுப்பவர்கள் இன்று கிடங்குகளில் மிஞ்சிய ஸ்டாக்கைத் தேடி அலைகிறார்கள். 1885-ன் பாகத்தை இன்றும் செய்யலாம், நேற்றைய பாகத்தைச் செய்ய முடியாது. பழசானால் பாகம் கிடைக்காது என்று சொல்பவர்கள் இதைக் கொஞ்சம் யோசியுங்கள்.

இப்போது எல்.இ.டி. அதன் சிப் ஒரு லட்சம் மணிநேரம் ஓடும் என்பார்கள். தெருவிளக்கு வருஷத்துக்குச் சுமார் 4,000 மணிநேரம் எரியும், கணக்குப் போட்டால் 25 வருஷம். ஆனால் முதலில் சாவது பெரும்பாலும் சிப் அல்ல, அதற்கு மின்சாரம் கொடுக்கும் டிரைவர். அதற்குள் இருக்கும் கெப்பாசிட்டர் வெயிலில் காய்ந்துபோகும். தனியாகக் கழற்றி மாற்ற முடிந்தால் சின்ன வேலை. மொத்தமாக சீல் செய்திருந்தால் விளக்குத் தலையே குப்பை. அதற்குள் அந்த மாடலையும் நிறுத்தியிருப்பார்கள். பாகங்கள் ஒன்றுக்கொன்று பொருந்த வேண்டும் என்பதற்காக ஸாகா என்ற கூட்டமைப்பு 2010-லேயே தொடங்கியாயிற்று. டெண்டரில் கேட்காதவர்களுக்கு அதனால் என்ன பயன்?

பாரம்பரியத் தோற்றம் என்று சொல்லி நூறு வருஷக் கூண்டுக்குள் இப்படிப்பட்ட சீல் வைத்த பெட்டியைத் திணிப்பதுதான் எனக்குப் பெரிய எரிச்சல். கூண்டின் ஆயுள் இனி அந்தப் பெட்டியின் ஆயுள். பதினைந்து வருஷம் கழித்து வேறொரு அதிகாரி வந்து, இதுக்கு பார்ட்ஸ் இல்லீங்க என்பார்.

எல்லாவற்றுக்கும் வரைபடம், இருப்பு என்று வைத்தால் செலவாகாதா என்று கேட்பார்கள். ஆகும். கம்பத்துக்கும் பெட்டிக்கும் பணம் கொடுப்பது வரி கட்டுகிற நாம்தான் என்பதால், எந்தச் செலவு என்று கேட்கும் உரிமையும் நமக்கு உண்டு. ஒவ்வொரு தெருவிளக்கு டெண்டரிலும் மூன்று வரி போதும்: டிரைவரைத் தனியாகக் கழற்ற வர வேண்டும், இணைப்பின் அளவும் மின் விவரமும் பொதுவில் இருக்க வேண்டும், உற்பத்தியை நிறுத்தும் நாளில் வரைபடத்தை மாநகராட்சியிடம் கொடுத்துவிட வேண்டும். முடியாது என்கிற நிறுவனத்திடம் வாங்க வேண்டாம்.