காட்டுப்பன்றியைச் சுட எந்தக் குண்டு?

காப்புக்காட்டிலிருந்து 3 கிலோமீட்டருக்கு அப்பால் விளைநிலத்தில் புகும் காட்டுப்பன்றிகளை, பயிற்சி பெற்ற வனத்துறையினர் சுடலாம் என்று 2025 ஜனவரியில் சென்னையில் சட்டப்பேரவையில் அறிவித்தார்கள். 1 கிலோமீட்டருக்குள் சுடக்கூடாது. இடைப்பட்ட பகுதியில் பிடித்துக் காட்டில் விட வேண்டும். சுடுவது என்றால் இலேசான, வேகமான குண்டா, எடையான குண்டா?

வேகம் இரண்டு மடங்கானால் குண்டின் ஆற்றல் நான்கு மடங்காகும். எடை இரண்டு மடங்கானால் ஆற்றலும் இரண்டு மடங்குதான். கணக்கில் இலேசான குண்டு ஜெயிக்கிறது. வயலில் அப்படியில்லை. வளர்ந்த ஆண் பன்றிக்குத் தோள்பட்டையில் கேடயம் போலத் தோல் தடித்திருக்கும். இலேசான குண்டு அங்கேயே சிதறிவிடலாம். காயத்தோடு கரும்புக்குள் பதுங்கிய பன்றி, காலையில் தண்ணீர் பாய்ச்சப் போகிறவர் மீது பாயும். முனை விரியும் எடையான குண்டு உள்ளுறுப்பு வரை இறங்கும். என் தேர்வு அதுதான்.

ஆனால் அது உடலைத் துளைத்து மறுபக்கமும் போகலாம். காட்டைவிட்டுத் தள்ளிய வயல் என்றால் பக்கத்தில் வீடு, மோட்டார் கொட்டகை எல்லாம் இருக்குமே! பரணிலிருந்து கீழ்நோக்கிச் சுட்டால் குண்டை மண் வாங்கிக்கொள்ளும்.

குண்டு வனத்துறையின் பொறுப்பு. பன்றி வரும் தடம், இரவுக் காவலில் யார் எங்கே படுத்திருக்கிறார்கள் என்பதை நீங்கள்தான் முன்கூட்டியே சொல்ல வேண்டும். அவுட்டுக்காய், நாட்டுத் துப்பாக்கி பக்கம் போகாதீர்கள். அவுட்டுக்காயை உங்கள் மாடு கடித்தாலும் வாய் சிதறும்.