வறுத்த பயறும் கடைந்த இரும்பும்

காஞ்சீபுரத்துக்கு மேற்கே, பெங்களூர் சாலையை ஒட்டித் திருப்புட்குழி என்று ஒரு க்ஷேத்திரம். ஜடாயுவுக்கு ஸ்ரீராமன் ஈமக்கடன் செய்த இடம் என்பது ஐதீகம். அங்கே குடிகொண்டிருக்கும் மரகதவல்லித் தாயாரிடம் பெண்மணிகளுக்குத் தனிப் பிரியம். வறுத்த பயறை இரவில் மடியில் கட்டிக்கொண்டு படுத்து, காலையில் அது முளைத்திருந்தால் பிள்ளைப் பேறு நிச்சயம் என்று நம்புகிறார்கள்.

அந்தப் பக்கத்துப் பிள்ளைகள் எல்லாரும் இப்போது தறியில் உட்காருவதில்லை. ஐ.டி.ஐ. படித்துவிட்டு ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் என்று லேத் வேலைக்குப் போகிறவர்களும் உண்டு. அப்படிப் போகிற பிள்ளை, "அம்மா, வெர்னியர் வாங்கப் பணம் வேண்டும்" என்று வந்து நிற்பான். "இரும்பை அளக்க ஒரு ஸ்கேல் போதாதா?" என்று தாய்க்குத் தோன்றுவது இயல்புதானே!

வளையல் கடையை நினைத்துப் பாருங்கள். இரண்டே நாலுக்கும் இரண்டே ஆறுக்கும் வித்தியாசம் அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு; அதாவது 3 மில்லிமீட்டர் சொச்சம். அதற்கே கை வலிக்கிறது! பேரிங் மாட்டும் தண்டுக்கோ ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஐந்து பங்கு குறைந்தாலே பிடிப்புப் போய்விடும். ஏறக்குறைய ஒரு தலைமயிரின் கனம்! தாயாரின் அருளால் வறுத்த பயறு முளைக்கலாம். அதிகமாய்க் கடைந்துவிட்ட இரும்பு மறுபடி வளராது. அந்தத் துண்டு கழிவுக்குப் போகும். பிள்ளையின் நல்ல பெயரும் கூடவே போகும்.

ஆகவே வாங்கிக் கொடுக்கத்தான் வேண்டும். எதை வாங்குவது?

முதலில் 150 மில்லிமீட்டர் வெர்னியர் காலிப்பர். உள்ளளவு, வெளியளவு, ஆழம் மூன்றையும் அளக்கும், 0.02 மில்லிமீட்டர் வரை காட்டும். அடுத்தது, கையில் பணம் சேர்ந்ததும், 0 முதல் 25 வரை அளக்கும் மைக்ரோமீட்டர். அதன் திருகு ஒரு சுற்றுக்கு அரை மில்லிமீட்டர் நகரும். சுற்றில் 50 கோடுகள். ஆகவே ஒரு கோடு 0.01. பேரிங் இடங்களுக்கு இதைத்தான் நம்பலாம்.

பேட்டரி போட்ட காலிப்பரில் எண் பளிச்சென்று தெரியும். ஆனால் 0.01 வரை எண் காட்டுவதால் அளவும் அத்தனை துல்லியம் என்று எண்ணிவிடக் கூடாது. எண் காட்டுவது வேறு, சரியாகக் காட்டுவது வேறு. தொழில் பழகும் பிள்ளைக்குக் கோடு பார்த்துப் படிக்கும் வெர்னியரே நல்லது.

கடையில் நாலு சோதனை செய்யச் சொல்லுங்கள். தாடைகளை மூடி வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால் இடுக்கில் ஒளி கசியக் கூடாது. மூடிய நிலையில் இரண்டு சுழியும் ஒரே நேராக நிற்க வேண்டும். நழுவும் தாடை ஆட்டமின்றி வழுக்கிப் போக வேண்டும். 6202 என்ற எண்ணுள்ள புதுப் பேரிங்கை அளந்தால் வெளியே 35, உள்ளே 15 மில்லிமீட்டர் வர வேண்டும். பெரிய கம்பெனிப் பெயர் பொறித்த போலிகளும் சந்தையில் நடமாடுகின்றன. ரசீது தரும் கடையிலேயே வாங்குங்கள்.

இன்னொன்று: இரும்பு சூட்டில் நீளும். அளவுகளுக்கு உலகம் ஒப்புக்கொண்ட வெப்பம் 20 டிகிரி. கடைந்த சூட்டோடு அளந்தால், 100 மில்லிமீட்டர்த் துண்டு 40 டிகிரி கூடுதல் சூட்டில் சுமார் 0.045 நீண்டு நிற்கும். ஆறியதும் சுருங்கிப் போகும். பொறுத்து அளப்பவனே கெட்டிக்காரன்.

வீட்டுக்கு வந்தால், துடைத்து, துளி எண்ணெய் தடவி, பெட்டியில் வைக்கட்டும். அதைக் கொண்டு ஆணி அடிக்கவோ, தம்பி தங்கைகள் விளையாடவோ விடாதீர்கள். உங்கள் நகைப் பெட்டிக்குப் பக்கத்தில் அதற்கும் ஓரிடம் கொடுங்கள். அந்த வீட்டுக்குச் சோறு போடப் போவது அதுவல்லவா?