சாவி வைத்திருப்பவருக்கும் ஒரு வேலி

லினக்ஸ் சர்வர் ஒன்றை நிறுவியதும் எஸ்இலினக்ஸ் பாதுகாப்பை அணைத்துவிடுவது இந்தியக் கணினி மையங்கள் பலவற்றில் ஏறக்குறைய ஒரு சடங்காகிவிட்டது. நிறுவல் குறிப்புகளிலேயே அது முதல் சில படிகளுள் ஒன்றாக எழுதப்பட்டிருக்கும். மெய்நிகர் இயந்திரங்களை இயக்கும் சர்வர்களில் இதற்கான காரணமும் பெரும்பாலும் ஒன்றே. புதிய இடத்தில் வைத்த மெய்நிகர் இயந்திரம் தொடங்க மறுக்கிறது. ‘அனுமதி இல்லை’ என்ற செய்தி வருகிறது. பாதுகாப்பை அணைத்தால் தொடங்கிவிடுகிறது. வேலை முடிந்துவிடுகிறது. ஆனால் அந்த ஒரு கட்டளையால் எடுக்கப்பட்ட முடிவு என்ன, எடுத்தவர் யார் என்பதை எவரும் எழுதிவைப்பதில்லை.

வழக்கமான லினக்ஸ் முறையில், ஒரு கோப்பை யார் தொடலாம் என்பதை அதன் உரிமையாளர் தீர்மானிக்கிறார். ரூட் பயனருக்கோ எந்தத் தடையும் இல்லை. கட்டாய அணுகல் கட்டுப்பாடு இதனை மாற்றுகிறது. ஒவ்வொரு செயலுக்கும் ஒவ்வொரு கோப்புக்கும் ஒரு லேபிள் ஒட்டப்படுகிறது. எந்த லேபிள் எதனைத் தொடலாம் என்ற விதிகளைக் கெர்னல் நடைமுறைப்படுத்துகிறது. வெளிப்படையாக அனுமதிக்கப்படாதது அனைத்தும் மறுக்கப்படும். ரூட் பயனரும் இதற்கு விலக்கல்லர். அமெரிக்காவின் தேசியப் பாதுகாப்பு முகமை 2000 டிசம்பரில் வெளியிட்ட எஸ்இலினக்ஸ், 2003-இல் லினக்ஸ் கெர்னலின் 2.6 பதிப்பில் இடம்பெற்றது. உபுண்டு, டெபியன் ஆகியவற்றில் இதே பணியைக் கோப்புப் பாதைகளின் அடிப்படையில் ஆப்ஆர்மர் செய்கிறது.

மெய்நிகர் இயந்திரங்களுக்கு இது ஏன் இன்றியமையாதது? கேவிஎம் முறையில் ஒவ்வொரு மெய்நிகர் இயந்திரமும் தாய்க்கணினியின் பார்வையில் ஒரு சாதாரணச் செயல்தான். கியூஈமு என்ற நிரலின் ஓர் ஓட்டம். பொதுவாக இவை அனைத்தும் ஒரே பயனரின் பெயரில் ஓடுகின்றன. எனவே, சம்பளப் பட்டியல் உள்ள இயந்திரத்துக்கும் மாணவர் பயிற்சிக்கான இயந்திரத்துக்கும் பழைய முறையில் வேறுபாடே இல்லை. 2009-இல் வந்த எஸ்விர்ட் இந்தக் குறையைத் தீர்த்தது. இயந்திரம் தொடங்கும்போது, 1,024 வகை எண்களிலிருந்து ஓர் இணை தற்செயலாகத் தேர்ந்தெடுக்கப்பட்டு, அந்தச் செயலுக்கும் அதன் வட்டுக் கோப்புக்கும் மட்டும் ஒட்டப்படுகிறது. 5,23,776 இணைகள் சாத்தியம். இணை பொருந்தாத இயந்திரம் அடுத்ததன் வட்டைத் திறக்க முடியாது.

இதன் பயன் 2015 மே மாதத்தில் விளங்கியது. கியூஈமுவின் மெய்நிகர் ஃபிளாப்பிக் கட்டுப்படுத்தியில், 2004 முதல் எவர் கண்ணிலும் படாமல் கிடந்த வெனம் என்ற பிழை அப்போது வெளியானது. ஃபிளாப்பியை எவரும் பயன்படுத்தாத காலத்திலும் அந்த நிரல்பகுதி ஓடிக்கொண்டுதான் இருந்தது. அதன் வழியே விருந்தினர் இயந்திரத்திலிருந்து தாய்க்கணினிக்குள் நுழைய வாய்ப்பிருந்தது. எஸ்விர்ட் இயங்கிய சர்வர்களில், அவ்வாறு வெளியேறுபவரும் அதே லேபிளுக்குள்ளேயே சிக்கிக்கொள்வார். அதனை அணைத்துவைத்த சர்வர்களில் அந்தச் சுவர் இல்லை.

இதுவரை சொன்னது கைதியைப் பற்றியது. சாவி வைத்திருப்பவரைப் பற்றிப் பேசுவோர் குறைவு. லேபிள்களை ஒட்டுவது யார்? லிப்விர்ட் என்ற மேலாண்மைச் சேவை. வலைப்பின்னல் பாலங்களை அமைப்பது, தீச்சுவர் விதிகளை எழுதுவது, வட்டுகளைத் திறப்பது, கோப்புகளின் லேபிளை மாற்றுவது ஆகிய அனைத்தும் அதன் பணிகள். இத்தனை பணிகளுக்கும் இடந்தர வேண்டியிருந்ததால், ஃபெடோராவின் எஸ்இலினக்ஸ் கொள்கை நெடுங்காலம் அச்சேவையை ஏறக்குறைய கட்டற்றதாகவே விட்டுவைத்தது. அதற்கான ஆப்ஆர்மர் விதிகளும் தளர்வானவையே.

இதன் விளைவை ஓர் எடுத்துக்காட்டால் உணரலாம். மெய்நிகர் இயந்திரங்களை நிர்வகிப்பதற்கென ஒரு பணியாளர் ‘லிப்விர்ட்’ குழுவில் சேர்க்கப்படுகிறார். ரூட் கடவுச்சொல் அவரிடம் இல்லை. அவர் புதிய இயந்திரம் ஒன்றை வரையறுத்து, தாய்க்கணினியின் சொந்த வன்வட்டையே அதன் வட்டாகக் குறிப்பிடலாம். மேலாண்மைச் சேவை அந்த வன்வட்டுக்கு உரிய லேபிளை முறைப்படி ஒட்டி, விருந்தினர் இயந்திரத்திடம் ஒப்படைக்கும். உள்ளிருந்தபடியே தாய்க்கணினியின் எந்தக் கோப்பையும் அவர் மாற்றலாம். விதி எதுவும் மீறப்படவில்லை. விதியை இயற்றும் கையே திறந்துவிட்டது. லிப்விர்ட்டின் எழுது அனுமதி ரூட் உரிமைக்கு நிகரானது என்று அதன் ஆவணங்களே எச்சரிக்கின்றன. அந்தப் பணியாளர் நேர்மையானவராகவே இருக்கலாம். அவருடைய கடவுச்சொல்லைத் திருடுபவர் அவ்வாறு இருக்க வேண்டியதில்லை.

இது லினக்ஸுக்கு மட்டும் உரிய நோயன்று. விஎம்வேரின் ஈஎஸ்எக்ஸ்ஐ சர்வர்களைப் பற்றி 2024 ஜூலையில் மைக்ரோசாஃப்ட் வெளியிட்ட செய்தி நினைவுகூரத்தக்கது. நிறுவனத்தின் ஆக்டிவ் டைரக்டரியில் இணைக்கப்பட்ட அச்சர்வர்கள், ‘ஈஎஸ்எக்ஸ் அட்மின்ஸ்’ என்ற பெயருடைய குழுவில் இருக்கும் எவருக்கும் முழு நிர்வாக உரிமையை இயல்பாகவே வழங்கிவந்தன. அப்பெயரில் ஒரு குழுவை உருவாக்கினாலே போதும். பணயத் தொகை கேட்கும் கும்பல்கள் அதனைப் பயன்படுத்திக்கொண்டன. மேலாண்மைக் கருவி கையில் கிடைத்தபின், ஒவ்வோர் இயந்திரமாக உடைக்க வேண்டிய தேவை அவர்களுக்கு இல்லை.

தீர்வுக்கான கட்டுமானம் ஏற்கெனவே இருக்கிறது. லிப்விர்ட்டின் ஒற்றைச் சேவை, இயந்திரங்களுக்கு ஒன்று, வலைப்பின்னலுக்கு ஒன்று, சேமிப்பகத்துக்கு ஒன்று எனத் தனித்தனிச் சேவைகளாகப் பிரிக்கப்பட்டு, 2021-இல் ஃபெடோரா 35-இல் இயல்புநிலையானது. வலைப்பின்னலை அமைக்கும் சேவைக்கு வட்டுகளைத் தொடும் உரிமை எதற்கு? சேவை சிறிதானால் அதற்கான கொள்கையும் குறுகலாக முடியும். எந்தப் பயனர் எந்த இயந்திரத்தில் என்ன செய்யலாம் என்று போல்கிட் வழியாக வரையறுக்கும் வசதியும் 2013 முதல் உண்டு.

நிர்வாகிகளின் தரப்பிலும் நியாயம் இருக்கிறது. தேர்வு முடிவு வெளியாகும் நாளில், ஒற்றை ஆளாகச் சர்வரைக் காக்கும் ஒருவரிடம் கொள்கை இலக்கணம் கற்கச் சொல்வது இரக்கமற்ற செயல். மறுப்புச் செய்திகளும் எளிதில் புரிபவையல்ல. எனினும் அவர் எதிர்கொள்ளும் தடை பெரும்பாலும் சிறியது. வட்டுக் கோப்பு வழக்கமான கோப்புறைக்கு வெளியே இருந்தால், இரண்டு கட்டளைகளில் சரியான லேபிளை ஒட்டிவிடலாம். அது என்எஃப்எஸ் சேமிப்பகத்தில் இருந்தால் அதற்கென ஒரு சொடுக்கி உண்டு. காரணம் தெரியாத நிலையில்கூட, ஒரே ஒரு சேவையை மட்டும் கண்காணிப்பு நிலையில் வைத்து, எஞ்சியவற்றைக் காவலில் விடலாம். முழுப் பாதுகாப்பையும் அணைப்பது கடைசி வழியாகவும் இருக்கத் தேவையில்லை. அதைவிட ஆபத்தானது, மறுப்புப் பதிவுகளை அப்படியே அனுமதி விதிகளாக மாற்றித்தரும் ‘ஆடிட்-டூ-அலோ’ கருவியின் வெளியீட்டைப் படிக்காமல் ஏற்றுவது. தாக்கியவரின் முயற்சியும் அந்தப் பதிவுகளில் இருந்தால், அதற்கும் உரிமம் கிடைத்துவிடும்.

கெர்னலிலேயே ஓட்டை விழுந்தால் கட்டாயக் கட்டுப்பாடும் உடன் விழும் என்பதும் உண்மைதான். அந்த ஓட்டையை அடைவதற்கான வழிகளைக் குறைப்பதே இதன் பணி. அதற்குமேல் எதிர்பார்ப்பது பிழை. அதற்காகக் கைவிடுவது அதைவிடப் பெரிய பிழை.

இந்தியாவில் செர்ட்-இன் 2022 ஏப்ரலில் பிறப்பித்த ஆணை, பாதுகாப்பு நிகழ்வுகளை 6 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும் என்றும், பதிவேடுகளை 180 நாள்கள் பாதுகாக்க வேண்டும் என்றும் கூறுகிறது. கட்டாயக் கட்டுப்பாட்டை அணைத்துவிட்ட சர்வரில், அத்துமீறலைக் காட்டிக்கொடுக்கும் மறுப்புப் பதிவு உருவாவதே இல்லை. உருவாகாத பதிவைப் பாதுகாப்பதில் பொருளில்லை.

ஆகவே, ‘எஸ்இலினக்ஸ் இயங்குகிறதா’ என்ற ஒற்றைக் கேள்வியோடு தணிக்கை நின்றுவிடக் கூடாது. மேலாண்மைச் சேவை எந்த லேபிளில் ஓடுகிறது? அதற்கு என்னென்ன விலக்குகள் தரப்பட்டுள்ளன? ஒவ்வொரு விலக்குக்கும் கையெழுத்திட்டவர் யார்? மேலாண்மைக் குழுவில் எத்தனை பேர்? ஒப்பந்தப்புள்ளிகளிலும் இக்கேள்விகள் இடம்பெற வேண்டும். கொள்கை எழுதுவது ஊதியம் தரத்தக்க பணியாகக் கருதப்பட வேண்டும். பொதுப்பணத்தில் எழுதப்படும் கொள்கைத் தொகுதிகள் பொதுவில் வைக்கப்பட வேண்டும். மாநிலங்களின் தரவு மையங்கள் பலவும் ஒரே வகைக் கருவிகளைத்தான் பயன்படுத்துகின்றன. ஓரிடத்தில் ஒருவர் கவனமாக எழுதிய விதி மற்றோரிடத்தில் அந்த ஒற்றை ஆளின் சுமையைக் குறைக்கும். அணைக்கும் கட்டளையை அவர் தேடாமலிருப்பதற்கு அதுவே நம்பகமான வழி.