மாத்திரை முடிந்த பிறகும்

வேலூர்ப் பக்கத்துக்காரர்களுக்குக் கரிகிரி ஆஸ்பத்திரியைத் தெரியாமல் இருக்காது. 1955-இல் தொழுநோயாளிகளுக்காகத் தொடங்கிய இடம். அந்த நாளில் 'பெருவியாதி' என்ற சொல்லையே குரலைத் தாழ்த்தித்தான் சொல்வார்கள். நோய் விரல்களைத் தின்றுவிடும் என்று ஊரே நம்பியது.

அது அப்படியல்ல என்று காட்டியவர், 1946-இல் வேலூர் சி.எம்.சி.க்கு வந்த டாக்டர் பால் பிராண்ட். கிருமி நரம்பைக் கெடுக்கிறது. கால் மரத்துப் போகிறது. முள் தைத்தாலும் வலிக்காது. வலிக்காததால் அந்தக் காலிலேயே நடப்பார்கள். புண் எலும்புவரை போய்விடும். வியர்வையும் நின்றுவிடுவதால் தோல் காய்ந்து வெடிக்கும். அந்த வெடிப்பே அடுத்த புண்ணுக்கு வழி.

இன்று கூட்டு மருந்து இலவசமாகக் கிடைக்கிறது. 6 மாதமோ 12 மாதமோ சாப்பிட்டால் கிருமி ஒழிந்துவிடும். ஆனால் நெடுநாள் மரத்துப்போன காலில் உணர்ச்சி திரும்புவது அரிது. அதனால்தான், மாத்திரை முடிந்ததும் 'குணமாகிவிட்டது, வீட்டுக்குப் போ' என்று அனுப்பிவிடுவதை என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை. டாக்டரின் வேலை ஒரு வருஷத்தில் முடியலாம். நர்ஸின் வேலை அப்போதுதான் ஆரம்பிக்கிறது.

அது என்ன வேலை? காலைத் தினமும் சாதாரணத் தண்ணீரில் ஊறவைக்க வேண்டும். தடித்த தோலை மெல்லத் தேய்த்து எடுக்க வேண்டும். ஈரம் காயும் முன் எண்ணெய் தடவ வேண்டும். உள்ளங்காலைக் கண்ணால் பார்க்க வேண்டும். மெத்தென்ற எம்.சி.ஆர். செருப்பு இல்லாமல் நடக்கக் கூடாது. புண் வந்தால் அந்தக் காலுக்கு ஓய்வு கொடுக்க வேண்டும். கேட்க அற்பமாக இருக்கும். காலைக் காப்பாற்றுவது இதுதான். சொந்தக்காரர்களே தொடத் தயங்கிய காலைக் கையில் எடுத்துக் கழுவிக் கட்டுப் போடும் ஒரு நர்ஸைப் பார்த்தால் வீட்டாருக்கும் பயம் தெளியும். எந்த மேடைப் பேச்சும் இதைச் செய்யாது.

நமக்கென்ன என்று இருந்துவிட முடியாது. நம் வயதுக்காரர்களில் எத்தனை பேருக்குச் சர்க்கரை! அதிலும் பாதம் மரத்துப்போகும். ஒரு சின்னக் கொப்புளம் விரலை எடுக்கும்வரை கொண்டுபோய் விடும். சர்க்கரைக்காரர்கள் காலை வெகுநேரம் ஊறவைக்கக் கூடாது. கழுவி, விரலிடுக்கை ஈரமில்லாமல் துடைக்க வேண்டும். வெந்நீரின் சூட்டைப் பாதத்தால் சோதிக்கவே கூடாது. மற்றபடி பாடம் ஒன்றுதான்: தினமும் பார்.

ஆரம்ப சுகாதார நிலையத்தில் சர்க்கரை மாத்திரை வாங்கப் போகும்போது, ஒரு நர்ஸ் செருப்பைக் கழற்றச் சொல்லிப் பாதத்தையும் பார்த்தனுப்ப வேண்டும். அதற்கு ஆளும் நேரமும் ஒதுக்கச் சொல்லி நாம்தான் கேட்க வேண்டும். அதுவரை, குனிய முடியாதவர்கள் ஒரு கண்ணாடியைத் தரையில் வைத்து உள்ளங்காலைப் பாருங்கள். கண் மங்கியிருந்தால் பேரப்பிள்ளையைக் கூப்பிட்டுப் பார்க்கச் சொல்லுங்கள்.