புனர்நவா குப்பியும் புறவாசல் தழுதாமையும்

இங்கே நியூஜெர்சியில் நம்மாட்கள் வீடுகளில், சாப்பாட்டு மேசை ஓரத்தில் வைட்டமின் டப்பாக்களோடு இப்போது புதுசா ஒரு குப்பியும் உட்கார்ந்திருக்கிறது. 'புனர்நவா' என்று பெயர். 15, 20 டாலர் விலை. லேபிளைத் திருப்பிப் படித்தால் 'போயர்ஹாவியா டிஃப்யூசா' என்று தாவரவியல் பெயர் போட்டிருக்கும். அட, நம்ம மூக்கிரட்டை! வேலி ஓரத்தில் தரையோடு படர்ந்து கிடக்குமே, சின்னதா ஊதாச்சிவப்பில் பூக்குமே, அதேதான். மாத்திரை வேலை செய்கிறதா என்பதை உங்கள் டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள், அது என் வேலை இல்லை. நான் கேட்பது வேறு. இலையாக முற்றத்தில் சும்மா கிடைத்தபோது வேண்டாம் என்றவர்கள், பொடியாக்கி அடைத்தபின் ஏன் காசு கொடுத்து வாங்குகிறோம்?

எங்கள் ஊர் அமரவிளை. நெய்யாற்றின்கரைக்கும் பாறசாலைக்கும் நடுவில், செக்போஸ்டால் பேர் வாங்கிய ஊர். 1956 நவம்பர் 1-ல் கல்குளமும் விளவங்கோடும் தமிழ்நாட்டோடு சேர்ந்தன, நெய்யாற்றின்கரை தாலுகா கேரளத்தில் நின்றது. அதனால் வீட்டில் தமிழ், பள்ளிக்கூடத்தில் மலையாளம் என்று வளர்ந்தவர்கள் எங்கள் பக்கம் நிறைய. மூக்கிரட்டையை நாங்கள் தழுதாமை என்போம். கீரையே எங்களுக்குச் சீரைதான். பொரியல் என்பது துவரன். களியக்காவிளை, அமரவிளை என்று வரும் அந்த 'விளை' இருக்கிறதே, அதற்குத் தோட்டம் என்று அர்த்தம். ஊர்ப் பெயரிலேயே தோட்டம் வைத்திருக்கும் ஆட்கள் நாங்கள். :-)

கர்க்கடகம் பிறந்தால், அதாவது உங்கள் ஆடி மாசம், ஜூலை பாதியிலிருந்து ஆகஸ்ட் பாதிவரை, அங்கே பத்திலை சமைப்பார்கள். தாள், தகரை, தழுதாமை, சேனை, கும்பளம், மத்தன், வெள்ளரி, நெய்யுண்ணி, கொடித்தூவை, குப்பைச்சீரை. ஊருக்கு ஊர் பட்டியலில் ஒன்றிரண்டு மாறும். பூசணி, பரங்கி, வெள்ளரி, சேனை போன்றவை நட்டு வளர்ப்பவை. மற்றதெல்லாம் மழை விழுந்ததும் தானாக முளைப்பவை. கொடித்தூவை என்பது தொட்டால் அரிக்கும் செந்தட்டி வகை. வெந்தால் அந்த அரிப்பு போய்விடும். தாளுக்கும் சேனை இலைக்கும் புளி சேர்த்து நன்றாக வேகவைக்க வேண்டும், இல்லாவிட்டால் தொண்டை கரகரக்கும். முருங்கை இலையை மட்டும் அந்த மாசம் தொடக்கூடாது என்பார்கள். தேங்காய், சீரகம், பச்சமிளகு, பூண்டு சேர்த்துக் கொரகொரவென்று அரைத்துப் போட்டுத் துவரன் வைத்தால், கஞ்சிக்கு வேறு ஒன்றும் வேண்டாம்.

இது ஏன் நம்மை விட்டுப் போனது? செடி அழிந்து போனதால் இல்லை. வெட்கத்தால் போனது என்பதுதான் என் கட்சி.

கர்க்கடகத்துக்கு அங்கே 'பஞ்ஞக் கர்க்கடகம்' என்றே பெயர். விடாத மழை, வேலை இல்லை, பத்தாயத்தில் நெல் இல்லை. 1942-ல் பர்மா ஜப்பான் கைக்குப் போனதும் திருவிதாங்கூருக்கு வந்துகொண்டிருந்த பர்மா அரிசி நின்றது. மரச்சீனியும் பறித்த இலையுமாகக் குடும்பங்கள் நாளைக் கழித்தன. அதைப் பார்த்து வளர்ந்த தலைமுறைக்குத் தகரை என்றால் ஒமேகா-3 இல்லை, பசி. விருந்தாளி வந்தால் அந்தச் சட்டியை மூடி ஒளித்து வைத்தார்கள் என்றால் அதில் நாம் சிரிக்க ஒன்றுமில்லை.

இந்த வெட்கம் நேற்று வந்ததும் இல்லை. சங்கப் பாட்டான சிறுபாணாற்றுப்படையில் நத்தத்தனார் ஒரு வீட்டைக் காட்டுகிறார். பசியில் மெலிந்த கிணைமகள் குப்பையில் முளைத்த வேளைக்கீரையை நகத்தால் கிள்ளி வருகிறாள். போட உப்பு இல்லை. வெறுமனே வேகவைத்து, அக்கம்பக்கத்தார் பார்த்தால் வெட்கம் என்று கதவை அடைத்துக்கொண்டு சுற்றத்தோடு தின்கிறாள். ஏறக்குறைய 2000 வருஷமாக நாம் அந்தக் கதவை அடைத்தே வைத்திருக்கிறோம்.

வேளையின் உறவு நல்வேளை ஆப்பிரிக்காவிலும் முளைக்கிறது. கென்யாவில் 'சாகா' என்பார்கள். அங்கேயும் ஒரு காலத்தில் அது பட்டிக்காட்டுச் சாப்பாடுதான். 1990-களிலிருந்து ஆராய்ச்சியாளர்களும் விவசாயிகளும் சேர்ந்து நாட்டுக்கீரைகளை எடுத்து நிறுத்தினார்கள். நைரோபி சூப்பர்மார்க்கெட்டுகளில் கட்டுக் கட்டாக வந்தது. கசப்பு போகப் பால் ஊற்றிச் சமைக்கிறார்கள். செடியில் ஒரு மாற்றமும் இல்லை, ஆட்களின் பார்வைதான் மாறியது.

அவ்வளவு தூரம் எதற்கு? எங்கள் நெய்யாறு உற்பத்தியாகும் அகத்தியர் மலைக்கே போவோம். 1987-ல் புஷ்பாங்கதன் தலைமையில் தாவரவியல் குழு ஒன்று அங்கே ஏறியது. வழிகாட்ட வந்த காணிக்காரர்கள் களைப்பே இல்லாமல் நடந்தார்கள், நடுநடுவே ஒரு சிறு காயை எடுத்து மென்றார்கள். அதுதான் ஆரோக்கியப்பச்சை. பாலோடு தாவரவியல் ஆய்வு நிறுவனம் அதிலிருந்து 'ஜீவனி' என்ற மருந்தை உருவாக்கி 1995-ல் கோயம்புத்தூர் மருந்து நிறுவனம் ஒன்றுக்கு உரிமம் கொடுத்தது. வரும்படியில் பாதி காணிகளுக்கு என்று ஒப்பந்தம். 1997-ல் அவர்களுக்கென ஓர் அறக்கட்டளையும் வந்தது. பிறகு அதில் பல சிக்கல்கள் வந்தன, அது தனிக் கதை. இங்கே அதைச் சொல்வதற்குக் காரணம், வழியில் எதை மெல்லலாம் என்று தெரிந்து வைத்திருப்பதும் ஓர் அறிவு என்று அன்றைக்கு எழுத்தில் ஒப்புக்கொண்டார்கள் என்பதுதான். நம் அம்மைமாருக்கும் பாட்டிமாருக்கும் அந்த மரியாதையை யார் கொடுத்தது?

கொடுக்காததோடு நின்றாலாவது பரவாயில்லை. மண்ணையே மூடிக்கொண்டிருக்கிறோம். விளைகளை ரப்பர் எடுத்துக்கொண்டது. மிச்சமிருந்த முற்றத்தில் வளைகுடாவிலிருந்தும் அமெரிக்காவிலிருந்தும் போகும் பணம் இண்டர்லாக் கல்லாக இறங்குகிறது. செருப்பில் சேறு படாது, சரிதான். தழுதாமைக்கும் இடம் இல்லை. தொழிலுறுதித் திட்டம் வந்தபின் வழியோரப் புதரை வெட்டும் வேலைக்குப் போனவர்களில் பெரும்பாலோர் எந்த இலை கறிக்கு ஆகும் என்று நன்றாகத் தெரிந்த பெண்கள். அந்த இலைகளை வெட்டி எறிவதற்குத்தான் அவர்களுக்குக் கூலி!

சரி, இங்கே நிலைமை என்ன? 1986-ல் நியூயார்க் சென்ட்ரல் பார்க்கில் ஸ்டீவ் பிரில் என்பவரை டேன்டிலியன் இலை தின்றதற்காகக் கைது செய்தார்கள். நாடே சிரித்தது. பிறகு பூங்காத் துறையே அவரை வேலைக்கு வைத்து, ஜனங்களுக்குக் களைச்செடி காட்டச் சொன்னது. உங்கள் வீட்டுப் பின்பக்கத்தில் பாருங்கள். வெயில் காலத்தில் காங்கிரீட் விரிசலில் பருப்புக்கீரை (எங்களுக்குக் கொழுப்பச்சீரை) வரும். மெக்சிகோக்காரர் கடையில் அதையே வெர்தொலாகாஸ் என்று விற்கிறார்கள். காய்கறிப் பாத்தியில் சக்கரவர்த்திக் கீரை வரும், வடக்கத்தி நண்பர்கள் பதுவா என்பார்கள். குப்பைச்சீரையின் உறவுகளும் வரும். புல்லுக்கு நடுவே புளியாரை.

ஆனால் ஆர்வத்தில் அவசரம் வேண்டாம். பருப்புக்கீரை போலவே தரையில் படரும் இன்னொரு செடி இங்கே உண்டு, நம் அம்மான் பச்சரிசிக்கு உறவு. தண்டைக் கிள்ளிப் பாருங்கள், பால் வந்தால் தூக்கி எறியுங்கள். மணத்தக்காளி என்று நினைத்து வேறு பழத்தைத் தின்றால் ஆபத்து. மருந்து அடித்ததாகச் சின்னக் கொடி குத்திய புல்தரை, நாய் நடத்தும் பாதை, ரோட்டோரம், இங்கெல்லாம் பறிக்க வேண்டாம். சிறுநீரகக் கல் உள்ளவர்களுக்குப் பருப்புக்கீரையும் புளியாரையும் ஆகாது, ஆக்சலேட் அதிகம். நூற்றுக்கு நூறு தெரியாத செடியை வாயில் வைக்கவே கூடாது.

அந்த 'நூற்றுக்கு நூறு' எங்கிருந்து வரும்? புத்தகத்தில் படம் கிடைக்கும், இணையத்தில் ஆயிரம் கிடைக்கும். எந்தப் பருவத்தில் கிள்ளணும், நுனியா முழு இலையா, எதோடு எதைச் சேர்க்கணும், எந்தச் செடி அதே மாதிரி இருந்து ஏமாற்றும் என்பது, கிள்ளிக் கிள்ளிப் பழகிய விரலுக்குத்தான் தெரியும். அந்த விரல்களுக்கு இப்போது எழுபது, எண்பது வயசு. எங்கள் எல்லைப் பக்கத்தில் ஒவ்வொரு செடிக்கும் ரெண்டு பாஷையிலும் பேர் சொல்லத் தெரிந்தவர்கள் அவர்கள்தான். அவர்கள் போனால் இரண்டும் சேர்ந்தே போகும்.

என்னைக் கேட்டால், புனர்நவாவுக்குச் செலவழிக்கும் காசை மிச்சம் பிடியுங்கள். இங்கே பள்ளிக்கூட லீவு விடுவதும் அங்கே கர்க்கடகம் பிறப்பதும் ஏறக்குறைய ஒரே சமயம். டிக்கெட் எப்படியும் அப்போதுதான் போடுகிறோம். மால், தீம் பார்க், நகைக்கடை எல்லாம் போய்விட்டு வாங்க. அதோடு ஒரே ஒரு காலை, மழை விட்ட நேரமாகப் பார்த்து, பிள்ளைகளைப் பாட்டியோடு புறவாசலுக்கு அனுப்புங்கள். பத்து இலை வேண்டாம், மூன்று போதும். பேரைத் தமிழிலும் மலையாளத்திலும் எழுதிக்கொள்ளச் சொல்லுங்கள். பறித்ததை அன்றைக்கே துவரன் வைத்து, வந்திருக்கும் விருந்தாளிகளுக்கும் இலையில் வையுங்கள். முற்றத்தில் இண்டர்லாக் போடப் போகிறீர்கள் என்றால், கிணற்றடியில் நாலடி மண்ணையாவது மிச்சம் விடச் சொல்லுங்கள்.